இனாரியில் அம்மாவுடன் ஒரு துருவ மான் வண்டிப் பயணம்

சென்ற ஜனவரி மாதக் கடைசியில், பின்லாந்தின் வடகோடியில் இருக்கும் இனாரிக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. காங்கேயத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, மாடும் தோட்டமுமாகவே காலத்தைக் கழித்தவர், பேத்தியைப் பார்ப்பதற்காக மூன்று மாத விசாவில், ஹெல்சிங்கியை அடுத்த எஸ்போவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்ததிலிருந்து ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இலையுதிர்ந்த மரங்களையும் மூன்று மணிக்கே இருட்டிவிடும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டின் குளிர்காலம் என்பது வீட்டுக்குள் அடைந்து கிடப்பது மட்டுமல்ல என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு இருந்தது. நாய்கள் இழுக்கும் வண்டி பாய்ந்து ஓடும். பனி ஸ்கூட்டரில் காலை அகட்டி உட்கார வேண்டும். இரண்டுமே அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. மிஞ்சியது துருவ மான் (ரெயின்டீர்) இழுக்கும் சறுக்குவண்டி. அதிலும் நடை வேகத்தில் போகிற வண்டியாகப் பார்த்துத் தேடினேன்.

அப்படித் தேடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் கூட்ட நெரிசலில், வேறோர் ஊரில் நானும் கணவரும் இப்படியொரு வண்டியில் ஏறினோம். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, சிறிய வட்டப் பாதை ஒன்றில் எட்டு நிமிடம் சுற்றி இறங்கினோம். நாங்கள் இறங்குவதற்குள் அடுத்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். அந்த மான் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி நின்றது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆகவே இம்முறை இனாரிப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு எழுதும்போது, ஒரே மானை ஒரு நாளில் எத்தனை முறை வண்டியில் பூட்டுவீர்கள் என்பதையே முதல் கேள்வியாகக் கேட்டேன். இரண்டு முறை, நடுவில் ஓய்வு, அதற்கு மேல் ஆட்கள் வந்தால் வேறு நாள் வரச் சொல்லிவிடுவோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்கே பதிவு செய்துவிட்டேன்.

ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயிலில் ரொவானியெமி சென்று, அங்கிருந்து வடக்கே சுமார் 325 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். சொதன்கூலாவைத் தாண்டியதும் சாலையிலேயே துருவ மான்கள் நிற்கத் தொடங்கின. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தவில்லை. வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, அவை விலகும்வரை பொறுத்திருந்தார். சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் இந்நாட்டில் சில ஆயிரம் துருவ மான்கள் சாகின்றன. 2014 இல் கொம்புகளில் ஒளிரும் சாயத்தைத் தெளித்துப் பார்த்தார்கள் என்றால், இந்த இழப்பு மேய்ப்பவர்களை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனாரி, பரப்பளவில் பின்லாந்தின் மிகப் பெரிய உள்ளாட்சிப் பகுதி. மக்கள்தொகையோ ஏழாயிரத்தை ஒட்டியதுதான். வடபுலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்கள் பேசும் வட சாமி, இனாரி சாமி, ஸ்கோல்ட் சாமி ஆகிய மூன்றும், பின்லாந்தின் பொதுமொழியான பின்னியமும் அங்கே ஆட்சிமொழிகள். அந்நாட்டில் வேறெந்த உள்ளாட்சிக்கும் இப்படி நான்கு மொழிகள் இல்லை. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை அங்கே சூரியன் எழுவதே இல்லை. நாங்கள் போனபோது அது திரும்பி வந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. பகல் என்று சொல்லத்தக்கது நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். உச்சிப்பொழுதிலும் சூரியன் பைன் மரங்களின் நுனியைத் தாண்டவில்லை. வெயில் அடிவானத்திலிருந்து படுத்தவாக்கில் வந்ததால், பனி முழுவதும் ஒரு பக்கம் ரோஜா நிறமாகவும் மறுபக்கம் நீலமாகவும் கிடந்தது.

பண்ணையில் காலை பத்தரை மணிக்கு வெப்பநிலைமானி மைனஸ் 24 காட்டியது. நாங்கள் போட்டிருந்த உடைகளுக்கு மேலேயே அணிந்துகொள்ளத் தடித்த முழு அங்கிகளையும், உள்ளே கம்பளி வைத்த பூட்ஸுகளையும் கொடுத்தார்கள். பண்ணையை நடத்துபவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு சாமி இனப் பெண்மணி; அவருடைய மகனும் உடனிருந்தார். அம்மா பூட்ஸ் மாட்டச் சிரமப்பட்டதைப் பார்த்த அந்த அம்மையார், தாமே மண்டியிட்டு மாட்டிவிட்டார். பிறகு, வண்டியிலிருந்து எழுந்திருக்க உதவும் என்று ஒரு மர முக்காலியையும் எடுத்துக்கொண்டார். இதை நாங்கள் கேட்கவில்லை.

வேலிக்குள் பதினைந்து மான்கள் அளவில் இருந்தன. நான் நினைத்ததை விடச் சிறிய விலங்கு. தோள் உயரம் என் இடுப்பு அளவுதான் இருக்கும். தமிழில் இதைக் கலைமான் என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் எனக்குச் சற்று உறுத்துகிறது. நம் பழைய இலக்கண மரபில் கலை என்பது ஆண் மானுக்கும் பிணை என்பது பெண் மானுக்கும் உரிய பெயர்கள். கிளைவிட்ட கொம்பு ஆணுக்கே உரியதாக இருக்கும் நம் ஊர் மான்களுக்கு அது பொருந்தும். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும் ஒரே இனம் இந்தத் துருவ மான்தான். அதோடு, நடுக்குளிர்காலத்தில் கொம்போடு நிற்பவை பெரும்பாலும் பெண்களும், காயடிக்கப்பட்ட ஆண்களும், இளசுகளும்தான். வளர்ந்த ஆண்களோ இலையுதிர்காலத்தில் இணைசேரும் பருவம் முடிந்ததும் கொம்பை உதிர்த்துவிடுகின்றன. பெண்கள் மே மாதம் குட்டி ஈனும்வரை வைத்திருக்கின்றன. வயிற்றில் குட்டியோடு பனியைத் தோண்டி மேய வேண்டிய காலத்தில், தோண்டிய குழியை மற்றவற்றிடமிருந்து காத்துக்கொள்ள அவற்றுக்கு அந்தக் கொம்பு தேவை. எனவே இந்தப் பதிவில் துருவ மான் என்றே எழுதுகிறேன்.

முதலில் தீனி கொடுக்கச் சொன்னார்கள். சாக்கில் இருந்தது லைக்கன். வெளிறிய சாம்பல் நிறத்தில், பவளத்தைப் போலக் கிளைகிளையாகப் பிரிந்து, கையில் எடுத்தால் எடையே தெரியாத ஒன்று. அம்மா அதை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, "கல்பாசியாட்ட இருக்குது அம்மிணி" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் அதே வகை உயிர். இங்கே காட்டுத்தரையில் வளரும் இந்த வகை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். மேய்ந்து தீர்ந்த ஓரிடம் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அம்மாவின் உள்ளங்கையில் இருந்த ஒரு பிடிக்கு எத்தனை வயது என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சாம்பல் நிற மான் ஒன்று முன்னே வந்து, அந்தக் கையிலிருந்து தின்றது. அதற்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. மாட்டைப் போலவே மேலே தடித்த ஈறு மட்டுந்தான். அதனால் கடிபடும் அச்சமே இல்லை. மயிரடர்ந்த உதடுகள் உள்ளங்கையைத் துழாவி, கடைசித் துணுக்கு வரை பொறுக்கி எடுத்துக்கொண்டன. மூக்கின் நுனி வரை மயிர் போர்த்தியிருக்கிறது. உள்ளே சுருள்சுருளாக மடிந்த எலும்புகள், இழுக்கும் காற்றைச் சூடாக்கி, விடும் காற்றிலிருந்து சூட்டையும் ஈரத்தையும் திரும்பப் பிடித்துக்கொள்கின்றன. எங்கள் மூச்சு முகத்துக்கு முன்னால் பெரிய புகையாக எழுந்துகொண்டிருக்க, அதன் மூச்சு மட்டும் மெலிதாகத் தெரிந்ததன் காரணம் அதுதான். கண்ணை அருகில் பார்த்தேன். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. கோடையில் பொன்னிறமாக இருக்கும் அது, குளிர்கால இருட்டுக்கு ஏற்றபடி நீலமாக மாறிவிடுகிறது என்று 2013 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எனக்கு ஒரு கருநீல மினுக்கம் தெரிந்தது போல இருந்தது. ஆசையினால் தெரிந்ததோ என்னவோ.

அம்மாவின் கை இயல்பாக அதன் கழுத்தடிக்குப் போயிற்று. மாட்டின் அலைதாடியைத் தடவிக் கொடுத்துப் பழகிய கை அது. பண்ணைக்காரம்மா மென்மையாகத் தடுத்து, இவை நாயையோ பசுவையோ போலத் தடவலை விரும்புவதில்லை, தலையையும் கொம்பையும் தொட்டால் மிரளும், கையிலிருந்து தின்பதே இவை தரும் நெருக்கம் என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா கையை மடக்கிக்கொண்டார். முகத்தில் வருத்தம் இல்லை. தொடாமலேயே நெடுநேரம் அதன் அருகில் நின்றார். அதற்கு அப்போதே மயிலை என்று பெயரும் வைத்துவிட்டார். காங்கேயம் மாடுகளை நிறத்தைக் கொண்டு மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதைப் பண்ணைக்காரம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. துருவ மானின் வயது, நிறம், கொம்பின் வடிவம், குணம் ஆகியவற்றைக் கொண்டு பெயரிடச் சாமி மொழியில் நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு என்றும், தொலைவில் நிற்கும் ஒன்றை ஒரே சொல்லில் இன்னொருவருக்கு அடையாளம் காட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

வண்டி பூட்டுவதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தார். நுகம் இல்லை, கழுத்தில் மெத்தை வைத்த தோல் பட்டை ஒன்றை மாட்டி, இருபுறமும் வரும் மரத்தண்டுகளை அதனோடு பிணைத்தார்கள். தலையில் ஓர் எளிய தலைக்கயிறு. அதிலிருந்து ஒரே ஒரு பிடிகயிறு. "மூக்கணாங்கவுறே போடலயா அம்மிணி? அப்பறம் எப்படி நிக்குது?" என்றார். நான் கேட்டுச் சொன்னேன். இழுக்கும் மான்கள் அத்தனையும் காயடித்த ஆண்கள். வட சாமி மொழியில் அதற்கு ஹெஆர்கி என்றும் பின்னிய மொழியில் ஹார்க்கா என்றும் பெயர். அந்தப் பின்னியச் சொல்லே எருதுக்கும் உரியது என்றதும் அம்மா தலையசைத்தார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மந்தையில் நிதானமான இளம் ஆணாகப் பார்த்து ஒதுக்குவார்கள். முதல் குளிர்காலம் முழுவதும் கயிற்றில் கட்டி நிற்கப் பழக்குவதோடு சரி. அடுத்ததில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உடன் நடப்பது. அப்புறம் வெறும் வண்டி. பிறகு விறகு ஏற்றிய வண்டி. அதன் பின்னரே மனிதர்கள். மூன்று நான்கு ஆண்டுகள் பழக்கியும் மனம் ஒப்பாதவற்றை மந்தைக்கே திருப்பி விட்டுவிடுவார்களாம். எங்கள் தாத்தாவும் மிரண்ட கன்றை அடித்துப் பழக்க விடமாட்டார், இன்னொரு வருடம் போகட்டும் என்பார் என்று அம்மா அப்போது சொன்னார். தாத்தாவைப் பற்றி நான் கேள்விப்படாத செய்தி அது.

வண்டி தரையிலிருந்து ஒரு முழ உயரமே இருந்தது. மான்தோல் விரித்து, கால்களை நீட்டி உட்காரவைத்து, இடுப்பு வரை கம்பளியைப் போர்த்தினார்கள். மொத்தம் மூன்று வண்டிகள். ஒவ்வொரு மானும் முன்வண்டியின் பின்பக்கத்தில் கட்டப்பட்டு வரிசையாகப் போகும். இந்த வரிசைக்குப் பின்னியத்தில் ராய்தோ என்று பெயர். முன்னால் போகும் மானின் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு பண்ணைக்காரம்மாவின் மகன் நடந்தார். மயிலை எங்களை இழுத்தது.

புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பனியில் வண்டியின் அடிக்கட்டை உராயும் மெல்லிய சரசரப்பு. அதற்கு மேல், ஒவ்வோர் அடிக்கும் மானின் காலிலிருந்து எழும் 'டிக், டிக்' என்ற ஒலி. குளம்பு கல்லில் படுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பாதத்திற்குள் ஒரு தசைநாண் சிறிய எலும்பின் மேல் வழுக்கி விழும்போது எழும் ஒலியாம் அது. இருட்டிலும் பனிப்புயலிலும் மந்தை பிரியாமல் இருக்க அது உதவும் என்கிறார்கள். குளம்பைக் கவனித்தேன். அகலமாக விரிந்து பனியில் புதையாமல் மிதக்கிறது. கோடையில் மெத்தென்றிருக்கும் அடிப்பாதம் குளிர்காலத்தில் சுருங்கிவிடுவதால், கூர்மையான விளிம்பு வெளியே வந்து பனிக்கட்டியைப் பற்றிக்கொள்கிறது. நடந்துகொண்டே மயிலை அவ்வப்போது தலையைப் பக்கவாட்டில் தாழ்த்தி ஒரு வாய் பனியை அள்ளிக்கொண்டது. அதுதான் அதற்குத் தண்ணீர்.

எங்கள் வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த மானோ, வழியெல்லாம் என் தோளுக்குப் பக்கத்திலேயே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு சாண் தூரத்தில் அதன் முகம். இமை மயிர் ஒவ்வொன்றிலும் உறைபனி ஏறியிருந்தது. தாடையின் கீழ்த் தொங்கும் நீண்ட மயிரில் சிறுசிறு பனிமணிகள் கோத்தது போல ஒட்டியிருந்தன. முதுகில் விழுந்த பனித்தூளோ உருகாமல் அப்படியே கிடந்தது. துருவ மானின் வெளிமயிருக்குள் காற்றறைகள் உண்டு. அடியில் நெருக்கமான கம்பளி மயிர். உடற்சூடு வெளியே கசியாததால்தான் பனி உருகவில்லை. ஒரு கொம்பு ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது. மற்றதன் கிளை என் தொப்பியில் ஒருமுறை மெல்ல உரசியது.

பாதிவழியில், உறைந்த சிறிய ஏரி ஒன்றைக் கடக்கும்போது, வரிசை நின்றது. முன்மான் சிறுநீர் கழித்தது. யாரும் அதட்டவில்லை, கயிற்றைச் சுண்டவும் இல்லை. துருவ மானால் ஓடிக்கொண்டே சிறுநீர் கழிக்க முடியாது. நிறுத்தாமல் ஓட்டினால் அதன் உடல்நலம் கெடும். ஒருமுறை நிறுத்துவதற்கும் மறுமுறை நிறுத்துவதற்கும் இடைப்பட்ட தூரத்தையே பழைய நாளில் வழியளவாகப் பேசினார்கள். பின்னியத்தில் அதற்குப் போரோன்குசெமா என்று பெயர், சுமார் ஏழரைக் கிலோமீட்டர். நம் ஊரில் கூப்பிடு தூரம் என்றும் காத தூரம் என்றும் சொல்கிறோம். இழுக்கிற விலங்கின் தேவையைக் கொண்டு தூரத்தை அளந்த மொழியை நான் இதுவரை வேறெங்கும் கண்டதில்லை. அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஏரியின் நடுவில் நின்ற அந்த இரண்டு நிமிடத்தில், மரங்கள் விலகியதால் தெற்கு வானம் முழுவதும் தெரிந்தது. ஆரஞ்சு விளிம்போடு சூரியன், அதற்கு எதிர்ப்புறம் ஊதா நிறத்தில் ஒரு பட்டை. அம்மா கைகளைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து, சூரியனைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டில் தினமும் காலையில் செய்வதுதான். எஸ்போவுக்கு வந்த பின் மேகமும் கட்டடங்களும் மறைத்துவிட்டதால், பல வாரங்களாக அவர் அதைச் செய்து நான் பார்த்திருக்கவில்லை.

இரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பியதும் எங்களை உள்ளே அனுப்புவதற்கு முன், மான்களின் பூட்டை அவிழ்த்து, பட்டை பட்ட இடத்தில் கழுத்தைத் தடவிப் பார்த்து, தீனி வைத்த பிறகே அந்த இருவரும் கோத்தாவுக்குள் வந்தார்கள். கோத்தா என்பது நடுவில் நெருப்பு எரியும் கூம்பு வடிவக் குடில். கரிபிடித்த கெட்டிலில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. பிர்ச் மரக் கணுவைக் குடைந்து செய்யும் குக்சா என்ற குவளையில் ஊற்றி, நெருப்பில் வாட்டிய தட்டைப் பாலாடைக்கட்டியும் தந்தார்கள். அம்மா புலால் உண்பதில்லை என்பதை முன்பே எழுதியிருந்தேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கேள்வியை அடக்கிக்கொள்வது கடினம்: மொத்தம் எத்தனை மான்கள் வைத்திருக்கிறீர்கள்? அதைக் கேட்கக் கூடாது. வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்கு அது சமம். மாறாக, காதைப் பற்றிக் கேட்டேன். மயிலையின் இரண்டு காதோரங்களிலும் கத்தியால் வெட்டிய சிறு பள்ளங்கள் இருந்தன. கோடையில் குட்டிகள் தாயின் பின்னால் திரியும்போதே, எந்தத் தாயைத் தொடர்கிறது என்று பார்த்து, உரிமையாளரின் அடையாளத்தைக் காதில் வெட்டிவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெட்டுக்கோலம். அது பதிவேட்டில் இருக்கும். இந்நாட்டில் காட்டில் அலையும் வளர்ப்புத் துருவ மான் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. பின்லாந்தின் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவற்றின் மேய்ச்சல் பகுதி. அது 54 பாலிஸ்குந்தாக்களாக, அதாவது மேய்ப்பவர் கூட்டுறவுகளாகப் பிரிக்கப்பட்டு, மொத்த மான்கள் 2,03,700-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. நார்வேயிலும் சுவீடனிலும் இத்தொழில் பெரும்பாலும் சாமி மக்களுக்கே உரிய உரிமை. பின்லாந்தில் மற்றவர்களும் செய்யலாம். அந்த வேறுபாட்டைச் சொல்லும்போது பண்ணைக்காரம்மாவின் குரல் சற்றுத் தணிந்தது. நான் மேலே கேட்கவில்லை.

குடிலின் சுவரில் படகு வடிவத்தில் பழைய சறுக்குவண்டி ஒன்று மாட்டியிருந்தது. ஆஹ்கியோ என்று அதற்குப் பெயர். ஒருவர் மட்டும் அமரலாம். தபாலும் உப்பும் மாவும் நோயாளிகளும் இவற்றில்தான் ஊர்ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1960களில் பனி ஸ்கூட்டர் வந்ததும், மேய்ப்பதற்கும் பயணத்துக்கும் வண்டி மான் தேவையற்றதாகிவிட்டது. தம் தந்தை காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பழக்கும் கலை, பந்தயக்காரர்களிடமும் எங்களைப் போன்ற விருந்தினர்களை ஏற்றிச் செல்லும் சில குடும்பங்களிடமும்தான் இன்று மிஞ்சியிருக்கிறது என்றார் அவர். சுற்றுலாவுக்காக விலங்கைப் பூட்டுவது சரியா என்ற கேள்வி இரண்டு ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. முறையாகச் செய்யும் இடத்தில் அது ஓர் அறிவைக் காப்பாற்றுகிறது என்ற எண்ணம் எனக்கு அங்கே உறுதிப்பட்டது. டிராக்டர் வந்த பின் வண்டி மாடு பழக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அம்மா விரல்விட்டு எண்ணினார். இரண்டு விரல்களுக்கு மேல் போகவில்லை.

மேய்ப்பின் இன்றைய துன்பத்தை அவர் நெருப்பைக் கிளறிக்கொண்டே விளக்கினார். குளிர் அவர்களுக்கு எதிரி அல்ல. நடுக்குளிர்காலத்தில் பெய்யும் மழையே எதிரி. பனியின் மேல் மழை பெய்து மீண்டும் உறைந்தால், கண்ணாடிப் பாளம் போல ஓர் அடுக்கு ஏற்பட்டுவிடும். பனிக்கு அடியிலிருக்கும் லைக்கனை மணத்தால் அறிந்து தோண்டி எடுக்கும் விலங்கால், அந்தப் பாளத்தை உடைக்க முடிவதில்லை. அப்போது முதிய மரங்களில் தாடிபோலத் தொங்கும் மற்றொரு வகை லைக்கன்தான் உயிர்காக்கும். அந்த முதிய காடுகளை வெட்டுவது பற்றிய இனாரி மேய்ப்பர்களின் முறையீடு 1990களில் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போயிருக்கிறது. மரமும் இல்லாத இடத்தில் வைக்கோலும் தீவனமும் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். அம்மாவுக்கு இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது, "மழை பேஞ்சு கெடுக்குதா!" என்று வாய்விட்டுச் சொன்னார். மழைக்காகக் காத்துக் காத்தே வாழ்ந்த ஊர்க்காரர் அவர்.

போக விரும்புகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் கூட்டத்தை விட்டுவிட்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி, மார்ச் மாதங்களிலோ போங்கள். வெளிச்சமும் இருக்கும், விலங்குகளுக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும். பண்ணை மேய்ப்பர் குடும்பத்தினுடையதா, மான் ஒரு நாளில் எத்தனை முறை இழுக்கிறது, கோடையில் அது எங்கே இருக்கும் என்ற மூன்றையும் பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர்களிடம் போங்கள். முதியவர்களை அழைத்துச் செல்வதானால் வண்டியின் உயரத்தையும் கேட்டுவிடுங்கள். கைபேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். என்னுடையது ஏரியின் நடுவில் அணைந்துபோனது. அதனால் அம்மா சூரியனைக் கும்பிட்ட அந்தக் காட்சிக்கு என்னிடம் படம் இல்லை.

கோடையில் மான்கள் எங்கே இருக்கும் என்ற என் கேள்விக்குப் பண்ணைக்காரம்மா சொன்ன பதிலை அம்மா மறக்கவே இல்லை. பனி உருகியதும் வண்டி மான்களின் தலைக்கயிற்றைக் கழற்றிக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். அவை மந்தையோடு சேர்ந்து, இலையும் புல்லும் காளானும் தின்று, மெல்லிய தோல் போர்த்திய புதுக் கொம்பு வளர்த்துக்கொண்டு திரியும். இலையுதிர்காலத்தில் மந்தையை ஒன்றுகூட்டும்போதுதான் மீண்டும் பிடிபடும். சில தாமாகவே வேலியருகே வந்து நிற்கும். சிலவற்றைத் தேடிப் போக வேண்டும். அம்மா ஊருக்குத் திரும்பி மூன்று மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ அழைப்பில் பேத்தியை விசாரித்து முடித்த பிறகு, "மயிலைய அவுத்து உட்டுட்டாங்களா அம்மிணி?" என்று கேட்பார். ஏப்ரல் முழுவதும் இன்னும் இல்லை என்றே சொல்லிவந்தேன். சென்ற வாரம் பண்ணையிலிருந்து ஒரு படம் வந்தது: ஈரமான பழுப்புத் தரையில் அங்கங்கே பனித்திட்டுகள், வேலிக்கதவு திறந்து கிடக்கிறது, தொலைவில் பிர்ச் மரங்களுக்கிடையே கொம்பில்லாத ஒரு சாம்பல் முதுகு. அதை அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன்.